கம்பளிக்குக் கம்பளி

பம்புசெட் வாங்கப் போன மனுஷன் ஒரு கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றால் எந்தப் பெண்டாட்டிதான் சும்மா இருப்பாள்? கமலாத்தாள் சும்மாதான் இருந்தாள். பேசியதெல்லாம் ஊர்தான்.

அது நடந்தது அறுபத்து நாலில். வண்டிப்பெரியாரில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குத் திரும்புகிறார், பங்களாச் சாமான்களை ஏலம் போடுகிறார்கள், அதில் ஒரு நல்ல டீசல் எஞ்சின் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நல்லேப்பிள்ளியிலிருந்து கிளம்பிப் போனவர் சென்னியப்பன். எஞ்சினை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டியவர், வராந்தாவில் விரித்துக் கிடந்த ஒரு கம்பளத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செம்மண் நிறப் பரப்பில் ஆடு, கோழி, சீப்பு, நட்சத்திரம் என்று கைக்கு வந்ததையெல்லாம் வாரியிறைத்த மாதிரி ஒரு நெசவு. நெல்லும் நிலக்கடலையும் தவிர வேறெதையும் உற்றுப் பார்த்துப் பழகாத மனுஷன் அன்றைக்குக் கவிழ்ந்து போனார்.

அந்தப் போகம் வயலுக்குத் தண்ணீர் பற்றவில்லை. "சென்னியப்பன் கம்பளத்தப் பிழிஞ்சு தண்ணி பாய்ச்சறாராமா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஒன்று ஒன்பதாகிவிட்டது. கொச்சி, குன்னூர், ஊட்டி என்று எங்கெங்கே பழைய பங்களாச் சாமான் விலைக்கு வருகிறதோ அங்கெல்லாம் போய் நின்றார். கோயமுத்தூரில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தார். கஷ்காய், லூரி, பலூச்சி என்று பாரசீகத்து இடையர் கூட்டங்களின் பெயர்களெல்லாம் சித்தூர்ச் சந்தை மாட்டுத் தரகர்களின் பெயர்களைப் போல அவர் வாயில் புழங்கின.

அரண்மனைகளுக்கு நெய்த பட்டுக் கம்பளங்களில் அவருக்கு நாட்டமில்லை. ஆட்டுக்கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகிற பெண்கள் நெய்ததுதான் வேண்டும். தரையில் முளையடித்துத் தறியைக் கட்டி, பாதி நெய்ததும் பிடுங்கிக் கழுதைமேல் ஏற்றி, அடுத்த மேய்ச்சல் காட்டில் மறுபடி முளையடித்து நெய்வார்கள். அதனால் கீழே நாலடி அகலம் இருந்தால் மேலே மூணே முக்கால்தான் இருக்கும். ஒரு சட்டிச் சாயம் தீர்ந்து அடுத்த சட்டி காய்ச்சினால் சிவப்பு பாதியிலேயே வேறு சிவப்பாகிவிடும். அந்தக் கோணலும் நிறப்பிசகும்தான் அவருக்கு உயிர். அந்த இடத்தில் ஒருத்தி எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பார். ஒவ்வொரு கம்பளத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் வைத்திருந்தார். எந்தக் கூட்டம், எந்தக் காலம், எத்தனை நிறம் என்று எழுதி, கடைசி வரியில் 'நெய்தவள்: பெயர் தெரியவில்லை' என்று முடிப்பார். ஒன்பது பக்கத்திலும் அதே கடைசி வரிதான். கம்பளங்களின்மேல் யார் காலும் படக்கூடாது. அவர் காலும்தான்.

முதலில் வாங்கிய அந்தச் செம்மண் கம்பளத்தின் இடது மூலையில் ஓர் உருவம் இருந்தது. உள்ளங்கையளவு உயரத்தில் ஒரு பெண். சாம்பல் நிறச் சேலையோ என்னவோ, அதற்குமேல் கறுப்புத் தலை, முதுகில் பழுப்பாக ஒரு புடைப்பு. மற்ற எந்தக் கம்பளத்திலும், புத்தகத்தின் எந்தப் படத்திலும் அவளைப் போல ஒருத்தி இல்லை. முதுகில் இருப்பது என்ன என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் வழக்கு.

"தண்ணிப்பைங்கறேன். ஆட்டுத்தோலுல தைச்சது. புஸ்தகத்துல போட்டிருக்குதாக்கு."

"கொழந்தைங்க."

"கொழந்தைய யாராச்சும் முதுகுல தூக்குவாங்களா? இடுப்புலதான தூக்குவாங்க?"

"அவிய ஊருல முதுகுல தூக்குவாங்களாட்ட இருக்குதுங்க."

பன்னிரண்டு வருஷமாக இதே பேச்சு. கமலாத்தாள் அவளுக்குக் கொழந்தைக்காரி என்று பெயரே வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியைப் பிழிந்து அந்த மூலையை மட்டும் ஒற்றியெடுப்பாள். ஒருநாள் மத்தியானம் வயலிலிருந்து சீக்கிரம் திரும்பிய சென்னியப்பன், அவள் அந்தப் புடைப்பின்மேல் ஒரு விரலை வைத்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். செருப்புச் சத்தம் கேட்காமல் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். கல்யாணமான மூன்றாம் வருஷம் பிறந்து, பதினோரு மாதம் இருந்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அவன் பெயரை அந்த வீட்டில் இருபத்தேழு வருஷமாக யாரும் வாயெடுத்துச் சொன்னதில்லை. ஆகவே இங்கேயும் இப்போது வேண்டாம்.

எழுபத்தாறு வைகாசியில் கொச்சியிலிருந்து சுவக்கீன் வந்தார். பழம்பொருள் வியாபாரி, நல்ல கண். சென்னையில் ஒரு கண்காட்சி நடக்கப் போகிறது, உங்கள் செம்மண் கம்பளத்தை அதில் வைக்கலாமா என்று கேட்க வந்தவர். சென்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சுவக்கீன் பூதக்கண்ணாடியோடு குனிந்து, கம்பளத்தை மெதுவாகப் புரட்டி, இடது மூலையில் வெகுநேரம் நின்றார்.

"சாரே, ஒரு காரியம் சொல்லட்டே? விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க. இந்தப் பெண்ணு பாரசீகக்காரி இல்ல."

அடியில் ஓடும் பாவு மற்ற இடமெல்லாம் ஆட்டுரோமம், இங்கே மட்டும் பருத்தி நூல். கம்பளி முறுக்கும் வேறு. "இந்தச் சாம்பல் நிறம் எனக்கு அறியும். எஸ்டேட்டில் தொழிலாளிக்கு வருஷம் ஒண்ணு கொடுக்குமே, அந்தக் கம்பளி. யாரோ ஓட்டை அடைச்சது." கொச்சியில் தன்னிடம் ஒரு காஷ்மீரி இருக்கிறான், இதை எடுத்துவிட்டுப் பழைய ரோமத்தை வைத்தே அசல் பூ கட்டிவிடுவான், ஒரு மாதத்தில் தந்துவிடலாம் என்றார். இதை வைத்துக்கொண்டு கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியாது என்றும் சொன்னார்.

காப்பி கொண்டுவந்த கமலாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போலி என்று தெரிந்தால் எவ்வளவு அழகான சரக்கையும் புறங்கையால் தள்ளுகிறவர் சென்னியப்பன். அப்படித் தள்ளியதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லுகிறவரும்கூட. இப்போது போலி தன் வீட்டு மூலையில், தன் மனைவியின் விரலுக்கடியில் இருக்கிறது. எடுக்காமல் விட்டால் தன் கண்ணுக்கே தான் பொய்யன். எடுத்தாலோ, கமலாத்தாளிடமிருந்து இரண்டாவது தடவையாக ஒரு குழந்தையை எடுக்கிற மாதிரி. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

சுவக்கீன் போன பிறகு அவளே கேட்டாள். "எடுத்துப்போடப் போறீங்களாங்க?"

"ஒட்டுப்போட்டதுன்னு தெரிஞ்சுபோச்சே."

"செரிங்க. ஆனா எடுக்கறதுக்கு முன்னால அவ யாருன்னு போய்க் கேட்டுட்டு வந்தரலாங்க. நானும் வர்றேன்."

கம்பளம் வாங்கப் போன எந்தப் பயணத்துக்கும் கமலாத்தாள் வந்ததில்லை. இந்த முறை கம்பளத்தைப் பழைய போர்வையில் பொதிந்து அவளே மடியில் வைத்துக்கொண்டாள். பொள்ளாச்சி, உடுமலை, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள். கண்டக்டர் ஒருவர் அதை மேலே கட்டச் சொன்னதற்கு, "கொழந்தையக் கொண்டுபோய் மேல கட்டுவீங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குமுளி தாண்டி மலைச்சரிவு முழுக்கத் தேயிலை. ஒரு வளைவில் பஸ் மூச்சு வாங்கி மெதுவாக ஊர்ந்தபோது, கமலாத்தாள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஏனுங்க, அங்க பாருங்க. நம்ம பொம்பளை."

முப்பது நாற்பது பெண்கள் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கம்பளியைத் தோளோடு போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தி முதுகிலும் பழுப்பாக ஒரு புடைப்பு. முதலில் சிரித்த கமலாத்தாளின் முகம் மெள்ள மெள்ள மாறியது.

"கூடைங்க," என்றாள்.

குழந்தை இல்லை, குழந்தை இல்லை என்று பன்னிரண்டு வருஷமாக வழக்காடியவர் சென்னியப்பன். இன்றைக்குக் குழந்தை இல்லையென்று தீர்ந்துவிட்டது. அந்த வழக்கில் தோற்பதற்காக அந்த நிமிஷம் ஒன்பது கம்பளத்தையும் கொடுத்திருப்பார்.

பழைய துரை பங்களாவில் இப்போது ஒரு கோட்டயத்துக்காரர் மேனேஜர். பின்புறத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தவர் ராக்கப்பன், துரை காலத்திலிருந்தே பங்களாவில் கணப்பு மூட்டுகிற ஆள். விஷயத்தைச் சொல்லிப் போர்வையை விலக்கி மூலையைக் காட்டியதுதான் தாமதம், மனுஷனுக்குக் கோடாலி கையிலிருந்து நழுவிவிட்டது.

"துரை சொல்லியனுப்புனாகளா?" என்றார்.

துரை போய் எத்தனை காலம் ஆயிற்று, யாரும் அனுப்பவில்லை, இதைக் கட்டியது யார் என்று தெரிந்துகொள்ள வந்தோம், அவ்வளவுதான் என்று சென்னியப்பன் மூன்று தரம் சொன்ன பிறகுதான் ராக்கப்பன் நம்பினார். "எம் பொஞ்சாதிதான்யா," என்று சொல்லி, தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிப்போனார்.

மத்தியானம் கொழுந்து எடைபோட்டுவிட்டு சாந்தம்மாள் வந்தாள். கூடவே அவள் மகள், பதினெட்டு பத்தொன்பது வயசுப் பெண், வாசலில் கூடையை எறிந்துவிட்டு நேரே தேயிலைத் தண்ணி வைக்கப் போனாள். விரித்த கம்பளத்தைப் பார்த்ததும் சாந்தம்மாள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"குத்தம் எங்க மேலதான்யா. துரையும் துரைசாணியும் ஆறு மாசம் லீவுல சீமைக்குப் போனாக. பங்களாவுல ஈரம் ஏறக்கூடாது, வாரத்துல ரெண்டு நாளு கணப்புப் போடுன்னு இவுககிட்டச் சொல்லிட்டுப் போனாக. ஒருநா கங்கு தெறிச்சிருச்சு. கையகலத்துக்குக் கருகிப் போச்சு. துரை வந்து பாத்தா இவுகளுக்கு வேல போயிரும். வேல போனா லயமும் போயிரும். கைப்பிள்ளையோட நாங்க எங்க போவோம்?"

"முடிச்சுப் போட ஆரும்மா கத்துக்குடுத்தாங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"யாரு கத்துக்குடுக்கப் போறா? பின்பக்கமாத் திருப்பி, ஓரத்துல ஒரு முடிச்ச அவுத்துப் பாத்தேன். அவுக்கத் தெரிஞ்சா கட்டத் தெரியாதா?"

"எஸ்டேட் கம்பளிய எதுக்கு எடுத்தீங்க?"

சாந்தம்மாள் அவரை விநோதமாகப் பார்த்தாள். இதைப் போய்க் கேட்பார்களா என்கிற பார்வை. "துரைசாணி இதக் கம்பளின்னுதான் சொல்லும். 'ராக்கப்பா, கம்பளி தட்டு'ன்னு தெனமும் சத்தம் போடும். எனக்கும் தோட்டத்துல கம்பளி குடுக்காக. கம்பளிக்குக் கம்பளிதானய்யா சேரும்? அத உருவுனேன். பழுப்புக்குத் தேயிலத் தூளுல வேகவச்சேன். கறுப்புக்கு அதே தண்ணியில துருப்பிடிச்ச ஆணியப் போட்டு ஊறவச்சேன். அந்த வருச மழைக்குச் சாக்கப் போட்டுக்கிட்டுத்தான் கொழுந்தெடுத்தேன்."

"இந்தப் பொம்பளை?"

"கருகுன எடத்துல என்ன பூ இருந்துச்சுன்னு தெரியல. மத்த எடத்துல பாத்தா ஆடு கெடக்கு, கோழி கெடக்கு. இத நெய்ஞ்சவ அவ கண்ணுல கண்டதத்தான் போட்டிருக்கா. நான் என்னத்தக் கண்டேன்? கொழுந்தெடுக்கிறதத்தான் கண்டேன்."

சென்னியப்பன் அசந்துவிட்டார். அவருடைய இங்கிலீஷ் புத்தகம் முப்பது பக்கத்தில் சுற்றிச் சுற்றிச் சொன்னதை இவள் விரலில் கொழுந்துக் கறை காய்வதற்குள் சொல்லிவிட்டாளே என்று இருந்தது. போலி என்ற சொல்லை அந்த இடத்திலேயே அவர் விழுங்கிவிட்டார்.

அதுவரை வாய் திறக்காத கமலாத்தாள் கேட்டாள். "முதுகுல இருக்கறது கூடைதானுங்ளே?"

"கூடதாம்மா."

கமலாத்தாள் தலையாட்டினாள். கம்பளத்தின் மூலையை மெதுவாக மடிக்கப் போனாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏதாவது பேசியாக வேண்டுமே என்று, சென்னியப்பன் தன் நோட்டில் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிவைத்திருந்ததைக் கேட்டார். கூடைக்கு மேல் விளிம்பில் ஒரே ஒரு சிவப்பு முடிச்சு இருந்தது. 'நூல் தீர்ந்ததால் நேர்ந்த பிழை' என்று அதற்கு அவர் குறிப்பு.

"இந்தச் செவப்பு மட்டும் எப்படி வந்துச்சுங்க? நூல் பத்தலையா?"

சாந்தம்மாள் முகத்தில் அப்போதுதான் முதல்முதலாகச் சிரிப்பு வந்தது. "நூலு பத்தாம இல்லய்யா. ஏளா சின்னத்தாயி, அத அப்படியே போட்டுட்டு இங்க வா." மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அது இவதான்."

கம்பளம் கருகிய வருஷத்து ஆடி மாதம் அது, சின்னத்தாய்க்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையிலிருந்து, உன் பிள்ளைக்கு ஜன்னி கண்டுவிட்டது என்று ஆள் ஓடிவந்தது. மழையென்றால் மழை, அப்படி ஒரு மழை. இடுப்பில் வைத்தால் இரண்டு கையும் வேண்டும், சறுக்குகிற பாதையில் பிடித்து இறங்கக் கை வேண்டும். சாந்தம்மாள் கூடையிலிருந்த பச்சைக் கொழுந்தின்மேல் பிள்ளையைக் கிடத்தி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, மூன்று மைல் தள்ளியிருந்த டிஸ்பென்சரிக்கு ஓடினாள். கொழுந்தைக் கொட்டாமல் போகிறாளே என்று பின்னாலிருந்து கங்காணி கத்தியது இன்னும் காதில் இருக்கிறதாம்.

"பின்னாடி ஓடியாந்தவுகளுக்குக் கூடைக்கு மேல இவ போட்டிருந்த செவப்புக் குல்லாதான் தெரிஞ்சுச்சாம். குல்லா ஆடுதா, பிள்ள அசையுதான்னு அதப் பாத்துக்கிட்டே ஓடியாந்தாகளாம். பிள்ள பொழச்சுக்கிட்டா. கம்பளி கருகுனது அதுக்கு அடுத்த மாசம். குல்லாயில ஒரு இழ உருவி வச்சேன். யாருக்குத் தெரியப்போகுதுன்னு வச்சேன்யா."

கமலாத்தாள் மடித்த மூலையை மறுபடி விரித்தாள். அந்தச் சிவப்பு முடிச்சைத் தொட்டாள். பிறகு எதிரில் நின்ற பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள்.

"அப்பக் கூடைக்குள்ள கொழந்தைதானுங்க," என்று புருஷனிடம் சொன்னாள்.

"கொழந்தைதான். நீ சொன்னதுதான் செரி. நான் தோத்துட்டேன்," என்றார் சென்னியப்பன். அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

கமலாத்தாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். சின்னத்தாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்துக்கும்மா அழுறீக? நாந்தான் சாகலயே," என்றாள். சாந்தம்மாள் மட்டும் கமலாத்தாளை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தேயிலைத் தண்ணியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

கிளம்பும்போது ராக்கப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அய்யா, இத எடுத்துருவீகளா?"

"எடுக்க மாட்டேன். சாந்தம்மாள் பேரை எழுதி வெச்சுக்குவேன்."

"எம் பேரா? வேண்டாம்யா," என்று பதறினாள் சாந்தம்மாள். "துரைசாணி கண்ணுல பட்டுச்சுன்னா?"

நல்லேப்பிள்ளி வந்து சேர்ந்த மறுநாள் காலை, சென்னியப்பன் சுவக்கீனுக்கு ஒரு கார்டு எழுதினார். கண்காட்சிக்குக் கம்பளம் வராது, காஷ்மீரிக்கு வேலையில்லை, உங்கள் கண் நல்ல கண், அதற்கு நன்றி. அப்புறம் நோட்டை எடுத்துச் செம்மண் கம்பளத்தின் பக்கத்தைத் திறந்தார். கமலாத்தாள் கம்பளத்தின் மூலையருகே ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லை.

'பிழை' என்ற குறிப்பை அடித்தார். கடைசி வரியில் எழுதி, வாய்விட்டுப் படித்தார். "நெய்தவள்: பெயர் தெரியவில்லை. அவளோடு சேர்ந்து நெய்தவள், சாந்தம்மாள், வண்டிப்பெரியார்."

"கூடைக்குள்ள இருக்கறது சின்னத்தாயி. அதையும் எழுதுங்க."

எழுதினார். பேனாவை மூடப் போகையில் கமலாத்தாள் துணியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சங்கதி பேசுகிற குரலில் சொன்னாள்.

"நம்ம பொங்கியண்ணனக் கூடையில வெச்சாத் துளி நேரம் இருப்பானுங்களா? என்ற இடுப்புலயே நிக்கமாட்டானே."

இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த வீட்டில் கேட்டது. சென்னியப்பனுக்குப் பேனா மூடி கைக்கு அகப்படவில்லை.

"இருக்க மாட்டான்," என்றார். "என்ற மீசையப் புடிச்சுத் தொங்கீட்டுப் போறவனாச்சே."

"உங்க மீசை மட்டுமா? என்ற மூக்குத்தியக் கழட்டியே எடுத்துட்டான் பாருங்க, அந்தக் கொடுவாயூர்த் தேரன்னைக்கு."

"ஆமா, ஆமா. அழுதது நீ. அவன் சிரிச்சுட்டிருந்தான்."

கமலாத்தாள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சென்னியப்பன் நோட்டை மூடிவைத்தார். பன்னிரண்டு வருஷமாக யார் காலும் படாத கம்பளத்தில் ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.